மாமா பட்டியில் எங்கள் செவலை

உங்கள் மாட்டை உங்கள் சொந்தத் தாய்மாமனே பிடித்துக் கட்டிவைத்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? போலீசுக்குப் போவீர்களா? போங்கள். எந்த ஸ்டேஷன் என்று முதலில் அவர்களே சண்டை போட்டுக்கொள்வார்கள். எங்கள் வீடு கள்ளக்குறிச்சி மாவட்டம், மாமா வீடு சேலம் மாவட்டம். நடுவில் இருப்பது ஒரே ஒரு மலைமுகடு. காலையில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் அங்கே போய் டீ குடித்துவிடலாம்.

கரியாலூரில் பஸ்ஸை விட்டு இறங்கி உள்ளே நடந்தால் எங்கள் ஊர். சாமையும் தினையும் போடுகிறோம், மாடு வளர்க்கிறோம். மாசி பிறந்தால் எங்கள் சரிவில் புல் கருகிவிடும், ஊற்று வற்றிவிடும். அப்போது மாடுகளை முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் ஓட்டுவோம். அங்கே ஒரு சுனை இருக்கிறது, எந்தக் கோடையிலும் வற்றாது. மழை விழுந்ததும் புல் முதலில் தலைகாட்டுவது எங்கள் சரிவில். அப்போது அவர்கள் மாடுகள் இங்கே வரும். யாரும் எழுதி வைக்காத ஏற்பாடு. பெண் கொடுத்து பெண் எடுத்த ஊர்கள், எழுதி வைக்க என்ன இருக்கிறது?

பிரச்சினை ஒரு சிமென்ட் தொட்டியில் ஆரம்பித்தது. ஏதோ ஒரு திட்டத்தில் அந்தப் பக்கம் தொட்டி கட்டி, சுனையிலிருந்து அதற்கு பிளாஸ்டிக் குழாய் இழுத்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் பாறையில் பள்ளம் தோண்ட முடியாதென்று குழாயைத் தரைமேலேயே போட்டார்கள், அதுவும் எங்கள் மாடுகள் தினமும் நடக்கும் தடத்தின் குறுக்கே. மாடு என்ன செய்யும்? மிதித்தது. குழாய் மூன்று இடத்தில் உடைந்தது. மற்ற மாடுகள் ஓடிவந்துவிட்டன. எங்கள் செவலை மட்டும் நிறைசினை, ஓட முடியவில்லை. மாமா அதைப் பிடித்துத் தன் பட்டியில் கட்டிவிட்டார்.

எங்கள் ஊரில் சிக்னல் கிடைப்பது ஒரு பாறை மேல்தான். அப்பா அதன்மேல் ஏறி நின்று ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். ஊரே கீழே நின்று கேட்டது.

"இன்னா மச்சான், மாட்ட கட்டி வச்சிக்கினு பூச்சாண்டி காட்டுறியா?"

"உன் மாடு எங்க குழாய மிதிச்சி நாசம் பண்ணும், நான் ஆரத்தி எடுக்கணுமா?"

"மாடு போற தடத்துல குழாய போட்டுட்டு மாட்ட கொற சொல்றியே. எங்க பாட்டன் காலத்துலேர்ந்து அதான்யா தடம்."

"தடத்துக்குப் பட்டா வச்சிருக்கியா? இருந்தா எடுத்துக்கினு வா. அதுவரைக்கும் உங்க ஊரு மாடு ஒண்ணும் முகட்டத் தாண்டக் கூடாது."

அப்பா போனை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினார். "இனிமே அவன் வூட்டு பச்சத்தண்ணி என் வாயில படாது." கோபத்தில் சொன்னாலும் மாடுகளுக்கும் சேர்த்துத்தான் சொல்லிவிட்டார். அவற்றுக்கு வேறு தண்ணீர் கிடையாது.

மோப்பம் பிடித்த மாதிரி தியாகதுருகம் பக்கத்திலிருந்து ஒரு மாட்டு புரோக்கர் வந்து சேர்ந்தார். தொழுவத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். "இன்னாங்க, தண்ணி இல்லாத ஊர்ல இத்தினி மாட்ட வச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க? மொத்தமா வண்டி ஏத்திடலாங்க." அப்பா ஒரு கிடேரியின் கழுத்தைத் தடவிக்கொண்டே, "யோசிச்சி சொல்றேங்க" என்றார். அப்பா யோசிப்பதாகச் சொன்னால் பயப்பட வேண்டும். பாதி முடிவு ஆகிவிட்டது என்று அர்த்தம்.

நான் டிகிரி முடித்தவள், சும்மா இருப்பேனா? இரண்டு பக்க ஊர்க்காரர்களையும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்தேன். உட்கார்ந்து பேசி, முறை வைத்துத் தண்ணீர் காட்டலாம் என்று அழகாக ஒரு மெசேஜ் போட்டேன். ஒருத்தர் ரோஜாப்பூவோடு குட்மார்னிங் போட்டார். அடுத்த வாய்ஸ் மெசேஜில் அவரே எங்கள் ஊரைத் திட்டினார். எங்கள் சித்தப்பா பதிலுக்குத் திட்டிவிட்டு, கடைசியில் "சாப்டீங்களா?" என்று கேட்டிருந்தார். மனுஷர்கள் இப்படித்தான். திட்டிக்கொண்டே விசாரிப்பார்கள்.

ஒரு காலையில் அந்த குரூப்பில் மாமா ஒரு போட்டோ போட்டார். செவலை பக்கத்தில் ஈரம் காயாத ஒரு கன்றுக்குட்டி. கிடேரி. கீழே வாய்ஸ் மெசேஜ்: "கண்ணு போட்டுச்சி. சீம்பால் காய்ச்சி வச்சிருக்கோம். மாட்டுக்காரன வரச் சொல்லு."

எங்கள் மலையில் ஒரு வழக்கம் உண்டு. மாடு யார் பட்டியில் கன்று போடுகிறதோ, அந்த வீட்டில்தான் சீம்பால் காய்ச்ச வேண்டும். ஆனால் மாட்டுக்காரர் வந்து முதல் வாய் தின்னும்வரை அந்த வீட்டில் யாரும் தொடக்கூடாது. இரண்டு வீடும் ஒரே சட்டியில் தின்றுவிட்டால், அந்த மாட்டுக்கும் அதன் வம்சத்துக்கும் அந்த வீட்டார் தண்ணீர் மறிக்கக்கூடாது. அதாவது மாமா வீட்டில் எல்லோரும் வெல்லம் போட்ட சீம்பாலை முன்னால் வைத்துக்கொண்டு, நாக்கைச் சப்பியபடி எங்கள் அப்பாவுக்காகக் காத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அப்பா சிரிக்கவில்லை. "கெட்டுப் போவட்டும். நான் வாய வுட்டுட்டேன், போவ மாட்டேன்."

அம்மா அதுவரை இந்தச் சண்டையில் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் தம்பி, என்ன பேசுவாள்? அடுப்பை அணைத்துவிட்டு முந்தானையை உதறிச் செருகினாள்.

"உன்ன யாரு கூப்ட்டாங்க? மாட்டுக்காரனத்தான கூப்ட்டாங்க?"

"நான்தான மாட்டுக்காரன்?"

"எப்புடி? எங்கப்பன் எனக்குச் சீரா குடுத்த மாட்டோட கண்ணுதான் செவல. மாட்டுக்காரி நானு. வாடி, நாம போலாம்."

அப்பாவின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! இத்தனை நாள் கத்திய இரண்டு ஆம்பிளைகளுக்கும் இது தோன்றவே இல்லை. சத்தியமாக எனக்கும் தோன்றவில்லை.

நாங்கள் ஏறினோம். பாதி ஏற்றத்தில் திரும்பிப் பார்த்தேன். பின்னால் கொஞ்சம் தள்ளி அப்பா, துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு, வேறு ஏதோ வேலையாகப் போகிறவர் மாதிரி வந்துகொண்டிருந்தார்.

மாமா பட்டி வாசலிலேயே நின்றார். அம்மா எதுவும் கேட்காமல் உள்ளே போனாள், சட்டியிலிருந்து ஒரு கட்டியை எடுத்து வாயில் போட்டாள். "வெல்லம் கம்மி" என்றாள். அவ்வளவுதான், பிள்ளைகள் பாய்ந்துவிட்டார்கள்.

அப்பா பட்டிக்கு வெளியே நின்று கன்றையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா ஒரு இலையில் சீம்பாலைக் கொண்டுபோய் நீட்டினார்.

"தின்னு மச்சான்."

"பச்சத்தண்ணி கூட வோணாம்னு சொல்லிக்கிறேன்."

"இது தண்ணியா? உன் பொண்டாட்டி மாட்டு பாலு. எனக்கும் உனக்கும் இன்னா சம்பந்தம்?"

அப்பா சிரித்துவிட்டார். வாங்கித் தின்றார். வாய் நிறைய வைத்துக்கொண்டு, "குழாய தடத்துல கல்லு அடுக்கி மூடிப் போடணும்யா. நாங்க பத்து பேர் வர்றோம்" என்றார்.

வந்தார்கள். தடம் குறுக்கே வரும் இடத்தில் இரண்டு பக்கமும் கல் அடுக்கி, பலகைப்பாறை வைத்து மூடி, அதற்குள் குழாயை விட்டார்கள். கன்று பால் மறந்ததும் அம்மா செவலையை மட்டும் வீட்டுக்கு ஓட்டிவந்தாள். கன்றை மாமாவிடமே வாரத்துக்கு விட்டாள். அவர் வளர்ப்பார், பின்னால் ஈனும் கன்றுகள் ஆளுக்குப் பாதி. மாமா பதிலுக்கு ஒரு கிடேரியை எங்களிடம் விட்டார். அதைப் பார்த்து சித்தப்பா ஒன்றைக் கொண்டுபோய் அங்கே விட்டார். இப்போது அநேகமாக எல்லா வீட்டு மாடுகளிலும் ஒன்று எதிர்ப்பக்கத்துப் பட்டியில் நிற்கிறது. தண்ணீரை மறித்தால் தன் மாடும் சேர்ந்துதான் தவிக்கும். எங்கள் சரிவிலும் ஒரு பக்கத்தைப் புல் விதை விழும்வரை மேய்க்காமல் விட வேண்டும் என்று அவர்கள் கேட்டார்கள், விட்டோம். முதல் வருஷம் யாரோ திருட்டுத்தனமாக மேய்த்தார்கள். அதற்கு ஒரு சண்டை வந்தது, அது வேறு.

நான் காலேஜில் படித்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று மாமா கிண்டல் பண்ணுவார். "இன்னா பாப்பா, உன் குரூப்ல இன்னிக்கி எத்தினி ரோஜாப்பூ?" பண்ணட்டும். அந்த குரூப்பில்தான் சுனை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று தினமும் ஒருத்தர் போட்டோ போடுகிறார்.

புரோக்கர் அப்புறம் ஒருமுறை வந்தார். அப்பா அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினார்.

இது பங்குனி மாதம். எங்கள் மாடுகள் அந்தப் பக்கம் இருக்கின்றன.