குக்கீ மாவு விற்று வாங்கிய எடை மெஷின்

அமெரிக்காவின் விஸ்கான்சினில் எங்கள் ஊர்ப் பள்ளிக்குப் பிள்ளைகளின் ஆரோக்கியத்தில் அபார அக்கறை. அவர்களை நிறுத்துப் பார்க்க ஓர் எடை மெஷின் வேண்டும்; பணம் இல்லை. ஆகவே பிள்ளைகளையே வீடு வீடாக அனுப்பிக் குக்கீ மாவு விற்கச் சொன்னார்கள். வெண்ணெயும் சர்க்கரையும் சாக்லேட்டும் சேர்த்துப் பிசைந்த, சுட்டால் பிஸ்கட்டாகும் மாவு, வாளி வாளியாக. ஊரைக் கொழுக்க வைத்து அந்தக் காசில் கொழுப்பை அளக்கும் இந்தத் திட்டத்தைத் தீட்டிய பள்ளிக் குழுவை நாங்கள்தான் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தோம்.

எல்லோரையும்விட அதிகம் விற்றவள் லோர்னா குபியாக். பதினைந்து வயது. பால் லாரி ஓட்டும் ரே குபியாக்கின் மகள். அப்பாவின் அகன்ற தோள், அப்பாவின் உடம்பு. போன வருடம் வரை பள்ளியின் நீச்சல் கிளப்பில் இருந்தாள். மல்லாந்து நீந்தினால் அவளை மிஞ்ச ஆளில்லை. ரத்த அழுத்தம் பார்க்கும் டாக்டர், "இப்படியே நீந்திக்கிட்டு இரும்மா" என்று அனுப்பிவைப்பார்.

ஆனால் அவள் நீச்சல் குளத்து ஏணியைப் பிடித்துப் பின்பக்கமாக இறங்கும்போதெல்லாம், டிராவிஸ் ஹெக்லண்ட் என்ற வீரன் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தத்தை வாயால் எழுப்புவான்.

"பீப்... பீப்... தள்ளுங்கடா, பால் லாரி இறங்குது! தண்ணி ரோட்டுக்கு வந்துரும்!"

கோச் ஹாஃப்ஸ்டாட் ஒரு மனோதத்துவ மேதை. "விளையாட்டுக்குச் சொல்றான்மா. ரோஷம் வந்தா நீயே உடம்பைக் குறைச்சிருவே" என்றார்.

ரோஷம் வந்தது. நீச்சலை விட்டாள். பார்ப்பவர்கள் முன்னால் சாப்பிடக் கூசி மதியச் சாப்பாட்டை விட்டாள். மாலையில் கதவைச் சாத்திக்கொண்டு வயிறு வலிக்கத் தின்றாள். எடை ஏறியது, ரத்த அழுத்தமும் ஏறியது. மேதை கொடுத்த மருந்து நன்றாகவே வேலை செய்தது.

"மாத்திரை பத்தி அப்புறம் யோசிக்கலாம். முதல்ல மறுபடி தண்ணியில இறங்கு" என்றார் டாக்டர். பல்லைக் கடித்துக்கொண்டு கிளப்பில் திரும்பப் பெயர் கொடுத்தாள். திங்கட்கிழமை பயிற்சி தொடக்கம்.

அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை மெஷின் திறப்பு விழா. எண் சுவரில் பெரிதாகத் தெரிய ஒரு திரை. பள்ளி மொத்தமும் ஜிம்மில் கூடியிருக்க, பிரின்சிபால் ஸ்டென்ஸ்ருட் அம்மையார் மைக்கில் முழங்கினார்: "அதிக வாளி வித்த லோர்னாவுக்குத்தான் முதல்ல ஏறுற கௌரவம்!"

கைதட்டல். அதற்குள் பெஞ்சிலிருந்து, "பீப்... பீப்..."

கோச் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். லோர்னா அதைப் பார்த்துவிட்டாள்.

"கோச், நீங்க முதல்ல ஏறுங்களேன்."

"நானா? என் எடை எனக்கும் என் டாக்டருக்கும் உள்ள விஷயம்மா."

"என்னோடதும் அப்படித்தான் கோச்."

டிராவிஸ் இன்னொரு முறை "பீப்" என்றான்.

"ஏன்டா, உனக்கு ரிவர்ஸைத் தவிர வேற கியரே கிடையாதா?" என்றாள் லோர்னா.

இந்த முறை சிரிப்பு அவன் பக்கம் திரும்பியது.

பள்ளி உடனே நீதி வழங்கியது. பீப் போட்டது குறும்பு. கோச்சை ஏறச் சொன்னது ஒழுங்கீனம். ஆகவே இந்த சீசன் முழுக்க லோர்னா குளத்தில் இறங்கக் கூடாது.

ரே பால் பண்ணை பூட்ஸோடு பிரின்சிபால் முன்னால் போய் நின்றார். "பிள்ளைங்க உடம்பு நல்லா இருக்கத்தானே மேடம் மெஷின் வாங்கினீங்க?"

"நிச்சயமா, மிஸ்டர் குபியாக்."

"அப்புறம் என் பொண்ணுக்குக் குளத்தை ஏன் மூடுறீங்க?"

"ஒழுக்கம் வேற, ஆரோக்கியம் வேற."

திங்கட்கிழமை மாலை, பாலை இறக்கிவிட்டு ரே மகளை ஏற்றிக்கொண்டு லாரியை ஏரிக்கு ஓட்டினார். படகு இறக்கும் சரிவில் ரிவர்ஸ் எடுத்தபோது லாரியே "பீப்... பீப்..." என்றது. லோர்னா முகம் இறுகியது.

"அந்தச் சத்தம் எதுக்கு தெரியுமா? மத்தவங்க வழி விடுறதுக்கு. இறங்கு."

"ஐயோ, ஜில்லுனு இருக்குப்பா!"

"அப்ப வேகமா நீந்து."

மல்லாந்து நீந்தினாள், பள்ளிக் குளம் கொள்ளாத தூரத்துக்கு. டிசம்பரில் ஏரி உறைந்துவிடும். அதுவரை நீந்துவாள். பள்ளிக் குளத்துக் கதவில், பூட்டுக்கு மேலே, 'ஆரோக்கிய மாதம்' என்ற பேனர் இன்னும் பளபளக்கிறது.