இல்லை என்றால் நம்பாதவள்

கண் ஆஸ்பத்திரியின் கணினி அறையில் அவளுக்கு வைத்த பெயர் துருவி. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. 'இல்லை' என்று யார் சொன்னாலும் நம்பாத பிறவி. சர்க்கரை இல்லை என்று கணவன் சொன்னால் டப்பாவை அவளே கவிழ்த்துப் பார்ப்பாள்; இருக்கும். தேடலுக்கு விடை இல்லை என்று சொல்லும் கணினியையும் பதினேழு வருடமாக அந்தப் புருஷனைப் போலத்தான் நடத்தி வந்தாள்.

மாமியாரும் தப்பவில்லை. அதே ஆஸ்பத்திரியில் கண்புரை ஆபரேஷனுக்குப் பதிந்து நாலு மாதம். டீயை டம்ளருக்குப் பக்கத்தில் ஊற்றிக்கொண்டே, "எனக்கு ஃபோனே வரலம்மா" என்பார்.

"வந்திருக்கும் அத்தை. நீங்கதான் எடுத்திருக்க மாட்டீங்க."

ஒரு திங்கட்கிழமை பெரிய டாக்டர் வாயெல்லாம் பல்லாக வந்தார். "ஆபரேஷனுக்கு இன்னும் கூப்பிடாதவங்க பட்டியல் நாலு மாசமா காலி. பாக்கி யாருமே இல்ல! ஒரு ஆபரேஷன் அறையைப் புதுசா ஆரம்பிக்கற பல் பிரிவுக்குக் குடுத்துடறேன். மூணு மணிக்குக் கையெழுத்து."

"வாசல்ல பாதிப் பேர் தூண்ல முட்டிக்கிட்டு வர்றாங்க. பாக்கி இல்லையா சார்?"

"கணினி பொய் சொல்லுமா?"

"சொல்லாது சார். கேட்டதுக்குத்தான் பதில் சொல்லும். நாம என்ன கேட்டோம்னு பாக்கணும்."

மணி இரண்டு. தேடலின் நிபந்தனைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். வயதை எடுத்தாள், காலி. தேதியை எடுத்தாள், காலி. 'ஏற்கெனவே அழைத்தவர்களை விட்டுவிடு' என்பதை எடுத்ததும் பெயர்கள் கொட்டின. திருடன் அங்கேதான். அழைத்தவர் பட்டியலைத் திறந்தாள். ஆயிரக்கணக்கான வரிகளுக்கு நடுவே பதிவு எண் இல்லாமல் ஒரு வரி. அது ஒன்றே போதும். ஒவ்வொரு நோயாளியையும் எடுத்து, 'அந்த எண் இல்லாத ஆள் இவர்தானோ?' என்று கணினி யோசிக்கும். தெரியாது. தெரியாதவரைச் சேர்க்காது. இப்படியே ஊர் மொத்தத்தையும் கழித்துவிட்டது.

"எந்தப் புண்ணியவான் வேலை இது?" என்று முனகிக்கொண்டே பதிந்தவர் பெயரைப் பார்த்தாள். அவளேதான். நாலு மாதத்துக்கு முன் புதுப் பதிவுத் திரையைச் சோதிக்க ஒரு வரியைப் போட்டவள், அழிக்க மறந்து டீ குடிக்கப் போயிருந்தாள். ஊரையெல்லாம் நோண்டியவளுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வரியை அழித்தாள். நிபந்தனைகளைத் திரும்பப் போட்டாள். முந்நூற்றுப் பன்னிரண்டு பேர். பட்டியலைப் பெரிய டாக்டரின் மேஜையில் வைத்தபோது மணி இரண்டே முக்கால். அவர் பேனாவை மூடினார்.

"யார் தப்பு?"

"என் தப்பு சார்."

நோயாளிகளை அழைப்பது குமாஸ்தாவின் வேலை. ஒன்பதாவது பெயரை மட்டும் அவளே அழைத்தாள். முதல் மணி முடியுமுன் மறுமுனையில் எடுத்துவிட்டார்கள்.

"ஆஸ்பத்திரிலேருந்தா?"

"நான்தான் அத்தை. ஆஸ்பத்திரிலேருந்துதான். வியாழக்கிழமை உங்களுக்கு ஆபரேஷன். நீங்க சொன்னதுதான் சரி, ஃபோன் வரவே இல்ல. தப்பு என்னோடது."



"தெரியும்மா. நாலு மாசமா, குளிக்கப் போனாக்கூட ஃபோனை எடுத்துக்கிட்டுத்தான் போனேன்."