கழுத்துக்கு அடியில் வைத்த அட்டை

அத்தையின் எலக்ட்ரிக் கிடாரை இரண்டாகக் கழற்றலாம் என்பது அவள் அதைக் கழற்றிய அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கம்பிகளைத் தளர்த்தினாள், கவிழ்த்துப் போட்டாள், முதுகில் இருந்த நாலு திருகாணிகளைச் சுழற்றினாள். கழுத்து தனியாக, உடம்பு தனியாக வந்துவிட்டது. ஐயோ, போச்சே என்று அலறினேன்.

"கத்தாதட்டி. பசை போட்டு ஒட்டுன கிடாருன்னாத்தான் கழட்ட முடியாது. இது திருகாணி போட்டது" என்றாள்.

கழுத்து உட்காரும் சதுரக் குழிக்குள் ஒரு விரல் அகலத்தில் பளபளப்பான சிவப்பு அட்டைத் துண்டு கிடந்தது. ஓரத்தில் தங்கக்கோடு. அதையும் திருகாணிகளையும் என் பென்சில் பாக்ஸில் போட்டு, பத்திரம் என்றாள். ஒன்பது வயதில் என்னிடம் அதுவரை யாரும் எதையும் பத்திரம் என்று கொடுத்ததில்லை. பெருமை தாங்கவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. திருத்தங்கலில் எங்களோடுதான் இருந்தாள். முந்தின வருடம் அவளுக்கு நடக்கவிருந்த கல்யாணம், ஒரு வாரம் இருக்கும்போது நின்றுபோனது. அதில் எனக்கு நஷ்டம் ஒரு புது கவுன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். மதுரையில் ஒரு விடுதிப் பள்ளிக்குப் பாட்டு டீச்சர் வேண்டும், அன்றைக்குப் பதினொரு மணிக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. வேலை கிடைக்காவிட்டால் கிறிஸ்துமஸ் முடிந்ததும் சாத்தூர் மாப்பிள்ளைக்குத் தலையாட்டிவிட வேண்டும். இது அப்பா போட்ட கட்டளை. சாத்தூர் மாப்பிள்ளை ஒருதரம் எங்கள் வீட்டுக்கு வந்து, கிடாரைப் பார்த்து, "இதெல்லாம் அங்கன வேண்டாம்" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போனவர்.

கிடாருக்கு உறை கிடையாது. தீபாவளி நெருக்கத்தில் பஸ்ஸில் அதை முழுசாக ஏற்றினால் யாராவது முறித்துவிடுவார்கள். அதனால்தான் கழற்றிப் பெட்டியில் வைத்தாள். அப்பாவுக்குப் பட்டாசுக் கம்பெனியில் பேக்கிங் வேலை. எங்கள் வீட்டில் இருந்த பெட்டி எல்லாமே பட்டாசுப் பெட்டிதான்.

"சீசன் நேரம், பஸ்ல பட்டாசு செக்கிங் இருக்கும். உள்ள ஒரு லேபிள் கெடந்தாக்கூட எறக்கி விட்டுருவாக" என்றார் அப்பா.

"வேற பெட்டி இருந்தாக் குடுங்கண்ணே" என்றாள் அத்தை. வேறு பெட்டி இல்லை.

அத்தையும் துணைக்கு நானும் பஸ் ஏறினோம். அப்பா சொன்னபடியே ஆயிற்று. விருதுநகருக்கு முன்னால் ஒரு எடைமேடைக்கு எதிரே பஸ்ஸை மறித்தார்கள். ஒரு போலீஸ்காரர் ஏறினார். பெட்டியின் மேல் அச்சடித்த சக்கரம், புஸ்வாணம் எல்லாம் கலர் கலராகச் சிரித்துக்கொண்டிருந்தன. லேபிள் கிடந்தாலே போதும் என்றாரே அப்பா! சிவப்பு, பளபளப்பு, தங்கக்கோடு. எங்கள் ஊரில் அப்படி இருந்தால் அது பட்டாசு லேபிள்தான், வேறென்ன? போலீஸ்காரர் எங்கள் சீட்டுக்கு வருவதற்குள் பென்சில் பாக்ஸைத் திறந்து அந்தத் துண்டைச் சன்னலுக்கு வெளியே விட்டுவிட்டேன். அத்தையைக் காப்பாற்றிவிட்டேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன், நான் பெரிய கெட்டிக்காரி.

"என்னம்மா, லோடு ஏத்தியாச்சா?"

"கிடாருங்க."

அவர் கிடாரின் உடம்பை எடுத்துத் தட்டிப் பார்த்தார். "ஒரே கட்டையா இருக்கு. உள்ள ஓட்டையே இல்லாம எப்படிம்மா சத்தம் வரும்?"

"கரண்ட்ல வரும் சார்."

அவர் நம்பவில்லை. பெட்டியின் அடிவரைக்கும் துழாவினார். அத்தையின் கண் கைக்கடிகாரத்திலேயே இருந்தது. நேரமாகுது என்று கண்டக்டர் கத்தவும்தான் இறங்கிப் போனார்.

பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது பத்தே முக்கால். வராந்தாவில் உட்கார்ந்து அத்தை கையை நீட்டினாள். திருகாணிகளைக் கொடுத்தேன்.

"அட்டை எங்கட்டி?"

சொன்னேன், பெருமையாகவே சொன்னேன். அவள் முகம் செத்துப்போனது.

"எங்கன போட்ட?"

"எடைமேடைக்கிட்ட."

அவள் அட்டை இல்லாமலே கழுத்தை மாட்டி, திருகாணிகளை முறுக்கி, சுருதி சேர்த்தாள். கம்பிகள் கழுத்தை விட்டு எழும்பி நின்றன. அழுத்தி அழுத்தி அவள் விரல் நுனி வெளுத்தது. சுருதி விலகி விலகிப் போனது. கழுத்தைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்ததே அந்த ஒரு விரல் அட்டைதான். உள்ளேயிருந்து ஒரு அம்மா எட்டிப் பார்த்து, "அடுத்து நீங்கதான்" என்றார். நான் அழ ஆரம்பித்தேன். என் கெட்டிக்காரத்தனத்தால் அத்தை சாத்தூருக்குப் போகப்போகிறாள்!

"பஸ் டிக்கெட்ட எடு" என்றாள் அத்தை.

அவளுடைய டிக்கெட்டையும் என் அரை டிக்கெட்டையும் சேர்த்து நாலாக மடித்தாள். கம்பிகளைத் தளர்த்தி, கழுத்தைக் கழற்றி, குழியின் உள்ஓரத்தில் அதை வைத்து மறுபடி முறுக்கினாள். அவசரத்தில் ஒரு திருகாணி உருண்டு ஓடியது, பாய்ந்து பிடித்தேன். கம்பி படிந்தது. அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். கதவு சாத்திக்கொண்டது. அரை மணி நேரம் கழித்து வெளியே வந்தவள், "கெடச்சிருச்சுட்டி" என்று என்னைக் கட்டிக்கொண்டாள். என் தோள் நனைந்தது. சந்தோஷம் என்று நினைத்தேன்.

அந்த அட்டையின் மீதியை நான் பார்த்தது வளர்ந்து கல்லூரிக்குப் போன பிறகு, அத்தையின் பழைய பைபிளுக்குள். நின்றுபோன கல்யாணத்தின் அழைப்பிதழ். உள்பக்கத்தில் மணமகள் பேர் இருந்தது. மணமகன் பேர் இருந்த இடத்தை மட்டும் ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி எடுத்திருந்தாள். பெட்டி பெட்டியாக அட்டை கிடந்த வீட்டில் அவளுக்கு அதுதான் வேண்டியிருந்திருக்கிறது.

அன்றைக்கு எனக்கு என்ன தெரியும்? மழை பெய்து ஓய்ந்திருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் எடைமேடை வந்ததும் எழுந்து நின்று, சன்னலில் தலையை நீட்டித் தேடினேன். கண்ணில் பட்டால் பஸ்ஸை நிறுத்தச் சொல்லி எடுத்துக் கொடுத்துவிடலாம் என்று கணக்கு.

"அத்தை, அந்தா செவப்பா ஒண்ணு கெடக்கு!"

"தூசி வருது. சன்னலச் சாத்து."

ரோடெல்லாம் ஈரம். தூசி எங்கே வருகிறது? இன்னும் என் மேல் கோபம் தீரவில்லை போல என்று நினைத்துக்கொண்டு, சாத்திவிட்டு உட்கார்ந்தேன்.