ஏலியா கேட்ட ஜெபம்

ஜெபராணிக்குக் கிரேக்கம் ஓர் எழுத்துகூடத் தெரியாது. ஆனாலும் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட்டில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் அவள் ஐபேடில் ஓர் எகிப்துப் பாலைவனக் குகை விரியும். ஆதிக் கிறிஸ்தவத் துறவிகள் அதன் சுவரில் செங்காவியால் கிரேக்கத்தில் எழுதிவைத்திருந்தார்கள். தன்னார்வலர்கள் படத்தில் மங்கிய எழுத்துகளின் மேல் கோடு வரைந்து அனுப்பினால் போதும், படித்துச் சொல்லப் பல்கலைக்கழகத்தில் ஆட்கள் இருந்தார்கள். வேலைவெட்டி இல்லாதவர்கள் செய்யும் வேலை என்று சர்ச் ஆன்ட்டிகள் சிரித்தார்கள். சிரிக்கட்டுமே. பல் மருத்துவமனையில் நாளெல்லாம் எக்ஸ்ரே எடுக்கிறவளுக்கு மங்கல் புதிதா என்ன?

ஜன்னலுக்கு வெளியே கோடையில் காய்ந்த குன்றுகள் நகரும். பாதித் தூக்கத்தில், யாரோ தண்ணீர்க் குடத்தோடு அவற்றில் ஏறிப்போவது தெரியும். அந்த உருவம் திரும்பிப் பார்த்தால் அது ஃபிரெடியாக இருக்கும்.

ஃபிரெடி அவள் கணவர். போன வருஷம் மாரடைப்பில் போய்விட்டார். அதன்பின் அவளுக்குக் கஷ்டமான நேரம் சாப்பாட்டுக்கு முந்தைய குடும்ப ஜெபம்தான். கல்யாணமான நாளிலிருந்து அது "ஃபிரெடியைக் காத்துக்கொள்ளும்" என்றே தொடங்கும். இறந்தவர்களுக்காக ஜெபிப்பது அவர்கள் சபையில் வழக்கமில்லை. ஆண்டவரிடம் போய்ச் சேர்ந்தவருக்கு இனி என்ன கேட்பது? புத்திக்குப் புரிந்தது, நாக்குக்குத்தான் புரியவில்லை. தினமும் தொண்டைவரை வரும் பெயரை விழுங்கினாள். ஒருநாள் அது வராமலே போய்விடுமோ என்று பயந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை ரயிலில் வீடு திரும்பும்போது, அவள் வரைந்து அனுப்பிய சுவரெழுத்தின் பொருள் வந்திருந்தது.

"நான் ஏலியா. நான் இறந்தபின் இதைப் படிப்பவரே, எனக்காக வேண்டிக்கொள்ளும்."

ஃப்ரீமான்ட் தாண்டிப்போனதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ நூற்றாண்டாக ஒரு மனிதர் கேட்டுக்கொண்டே இருக்கிறார். மாட்டேன் என்று எந்த வாயால் சொல்வது?

சாயங்காலம் மகள் ஆன்லினோடு சாப்பாட்டு மேசையில் கண்மூடினாள்.

"ஆண்டவரே, ஏலியாவை நினைத்தருளும்."

ஆன்லின் ஒரு கண்ணைத் திறந்தாள். "ஹூ இஸ் ஏலியா?"

"ரொம்பக் காலத்துக்கு முன்னாடி செத்துப்போனவர். ப்ரே பண்ணுங்கன்னு எழுதி வச்சிருக்கார். கண்ண மூடு."

மறுபடி தொடங்கினாள். "ஏலியாவை நினைத்தருளும். என் ஃபிரெடியையும் நினைத்தருளும்."

சொல்லிவிட்டாள். ஞாயிறு பள்ளியில் படித்ததைச் சொல்லி மகள் திருத்தப்போகிறாள் என்று காத்திருந்தாள்.

ஆன்லின் மேசைக்கு அடியில் அவள் கையைத் தேடிப் பிடித்தாள்.

"ஐ சே அப்பாஸ் நேம் எவ்ரி டே, அம்மா," என்றாள். "ஜஸ்ட் நாட் அவுட் லவுட். மனசுக்குள்ள."