இருபத்திரண்டு பெட்டி, இருபத்துமூன்று தாள்

காலை பத்து இருபது. அளவெடுக்கும் மேசைக்கு நேர் எதிரே சுவர்க் கடிகாரம் இருந்ததால் அந்த நேரம் எனக்கு உறுதியாகத் தெரியும். வாசல் செக்யூரிட்டி அறையிலிருந்து போன் வந்தது. லாரியில் இருபத்திரண்டு பெட்டி ஏறியிருக்கிறது, பரிசோதனைத் தாள் மட்டும் இருபத்துமூன்று இருக்கிறது, ஒரு எட்டு வந்துவிட்டுப் போங்கள் என்றார்கள்.

ஏதோ ஒரு தாளை இரண்டு தரம் எழுதிவிட்டேன் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். ஒரகடத்தில் கார்களுக்கு ஷாஃப்ட் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக இருந்தேன். ஒரு பெட்டிக்கு ஒரு தாள். தாளின் அடியில் 'சரிபார்த்தவர்' என்ற கோட்டின் மேல் என் கையெழுத்து இருந்தால்தான் பெட்டி வாசலைத் தாண்டும்.

செக்யூரிட்டித் தலைவர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களைப் பார்த்தால் எழுந்து நின்றுதான் பேசுவார். அன்று உட்கார்ந்தே இருந்தார். ஒரு தாளை மட்டும் தனியாகப் பிரித்து, மேசைமேல் குப்புற வைத்திருந்தார்.

"மேடம், இது நம்ம ஷாஃப்ட் இல்ல" என்று சொல்லித் தாளைத் திருப்பினார்.

எங்கள் தாள்தான். நேரம், பாகத்தின் எண், அளவு, குறிப்பு என்று அதே நான்கு கட்டங்கள். நேரத்தின் கீழே 9.12. பாகத்தின் எண்ணுக்கு நேரே ஆங்கில எழுத்தில் தொடங்கும் ஓர் எண். அளவு என்ற இடத்தில் '1500 அடி இருக்கலாம்'. குறிப்பில், 'கிரண். தாம்பரத்திலிருந்து மேற்கே. சக்கரம் இன்னும் உள்ளே போகவில்லை.' இப்படிப் பதினான்கு வரிகள். என் மகளின் கையெழுத்து. எல்லாவற்றுக்கும் அடியில் பச்சை மையில், சரிபார்த்தவர் என்ற கோட்டின்மேல், நான்.

எப்படி நடந்தது என்பது அங்கே நிற்கும்போதே புரிந்துவிட்டது. அந்த வாரம் ஆடிட் இருந்தது. எழுதாமல் தேங்கிக் கிடந்த தாள்களை வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சாப்பாட்டு மேசையில் வைத்து எழுதி முடித்தேன். படிவத்தை மாற்றும்போது வீணாகிப்போன பழைய தாள்களை நாங்கள் பிள்ளைகளுக்குக் கணக்குப் போட எடுத்துப்போவோம். என் மகளும் முதலில் அவற்றில் எழுதிவிட்டுத்தான் நோட்டில் ஏற்றுவாள். அதே மேசையில் அவள் தாளும் கிடந்திருக்கிறது. விடியற்காலையில், கம்பெனி பஸ்ஸுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, தாள்கட்டை அப்படியே வைத்துக்கொண்டு கீழ்மூலையை மட்டும் தூக்கித் தூக்கிக் கையெழுத்துப் போட்டேன். இதை எல்லாப் பரிசோதகர்களும் செய்வார்கள். எவரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள்.

எனக்கு ஒரே மகள். அப்போது பாலிடெக்னிக்கில் கடைசி வருடம். மணிமங்கலத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு மேலேதான் தாம்பரம் விமானப்படைத் தளத்தின் கிரண் பயிற்சி விமானங்கள் திரும்பும். சின்ன வயதில் சத்தம் கேட்டால் ஓடிப்போய்ப் பார்ப்பாள். எல்லாக் குழந்தைகளும் செய்வதுதான். பிறகு பார்ப்பதை எழுதத் தொடங்கினாள். பிறகு படப்பையில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து, முகம் தெரியாத ஆட்களோடு சண்டை போடத் தொடங்கினாள். எந்தக் கப்பலில் எத்தனை பீரங்கி, எந்த விமானத்துக்கு எஞ்சின் போதாது, எந்த நாட்டு ஏவுகணை வெறும் வாய்ப்பந்தல் என்பதெல்லாம் அந்தச் சண்டைக்குக் காரணங்கள். வீட்டுக்கு வந்தும் கோபம் தீராமல் என்னிடம் வாதாடுவாள். அடுப்பில் குழம்பைப் பார்த்துக்கொண்டே, ஆமாம் ஆமாம் என்பேன். எதற்கு ஆமாம் போட்டேன் என்று ஒரு தடவைகூடத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் விமானம் பார்க்க ஏரிக்கரைக்குப் போவாள். அங்கே இன்னொருவரும் வருவார். வல்லம் பக்கம் ஒரு கம்பெனியில் உற்பத்தி லைனில் வேலை பார்க்கிற, திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து வாடகை அறையில் தங்கியிருந்த இளைஞர். அவருக்குக் கப்பல்தான் உயிர். தூத்துக்குடித் துறைமுகத்தில் கடற்படைக் கப்பல் வந்து நின்றால் லீவு போட்டுவிட்டுப் போய்வருவார். இருவரையும் பார்த்துக் காதலாக இருக்குமோ என்று ஒருநாள் அவள் பின்னாலேயே கரைக்குப் போனேன். ஒரு ஹெலிகாப்டர் போய்க்கொண்டிருந்தது. "ஒனக்கு எதப் பாத்தாலும் சேத்தக்தான். காக்கா பறந்தாலும் சேத்தக்னு எழுதுவ" என்று அவர் சொன்னார். "உனக்குத் தண்ணியில மிதக்கறத தவிர இன்னா தெரியும்?" என்று இவள் கேட்டாள். அரை மணி நேரம் இதுவே. நிம்மதியாகத் திரும்பி வந்தேன்.

இதையெல்லாம் மனிதவள அதிகாரியிடம் சொன்னபோது எனக்கே நம்பும்படியாக இல்லை. அவர் நல்ல மனிதர். ஆனால் எல்லைப் பக்கம் அடிக்கடி பதற்றமாக இருந்த வருடங்கள் அவை. சந்தேகப்படும்படி எது கிடைத்தாலும் சொல்லச் சொல்லி எல்லாக் கம்பெனிக்கும் உத்தரவு இருந்தது. போலீசுக்குச் சொல்லிவிட்டேன், அவர்கள் விமானப்படைக்குச் சொல்வார்கள், நீங்கள் வீட்டுக்குப் போய் இருங்கள் என்றார். கம்பெனி ஜீப்பிலேயே அனுப்பிவைத்தார். அந்த மரியாதைதான் என்னை இன்னும் பயமுறுத்தியது.

வழியெல்லாம் ஒன்றே ஒன்றுதான். மகள் பெயரில் கேஸ் விழுந்துவிடும். உளவு என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் அப்புறம் வேலை ஏது, பாஸ்போர்ட் ஏது, எங்கள் வீட்டில் யார் பெண் எடுப்பார்கள். கணவர் லாரியோடு வடக்கே போயிருந்தார். அவரைக் கூப்பிட எண் ஏதும் கிடையாது. மகள் கல்லூரியில் இருந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் அலமாரியைத் திறந்தேன். ஐந்து நோட்டுகள். அட்டையில் வருடம் எழுதி, உள்ளே கோடு போட்டு, சில பக்கங்களில் இறக்கையின் படம் வரைந்து வைத்திருந்தாள். நான் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. கொல்லையில் வெந்நீர் அடுப்பு இருந்தது. அட்டை எளிதில் எரியவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றினேன்.

போலீஸ் வருவதற்கு முன்பே மகள் வந்துவிட்டாள். கல்லூரிக்குப் போன் செய்து மனிதவள அதிகாரியே சொல்லியிருக்கிறார். அலமாரியைப் பார்த்தாள். கொல்லைக்குப் போனாள். அங்கேயே வெகுநேரம் நின்றாள்.

"மூணு வருஷம்மா" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

மூன்று மணிக்கு சப்-இன்ஸ்பெக்டரும் ஒரு பெண் காவலரும் வந்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் சப்-இன்ஸ்பெக்டர் கேட்டது, மற்ற நோட்டெல்லாம் எங்கே என்றுதான். நான் வாயைத் திறப்பதற்குள் மகள் சொல்லிவிட்டாள், எரித்தாயிற்று என்று. யார் என்பதைச் சொல்லவில்லை. அவர் கொல்லைக்குப் போய்க் குச்சியால் சாம்பலைக் கிளறினார். திரும்பி வந்தவரின் குரல் மாறியிருந்தது.

"ஒண்ணும் தப்பில்லன்னா இன்னாத்துக்கும்மா எரிக்கணும்?"

நான்தான் எரித்தேன் என்றேன். அவர் அதை நம்பவில்லை. பெற்றவள் பழியை ஏற்றுக்கொள்கிறாள் என்று நினைத்துக்கொண்டு தலையை ஆட்டினார். இந்தக் குறிப்பையெல்லாம் யாருக்குக் கொடுக்கிறாய் என்று மகளிடம் கேட்டார். யாருக்கும் கொடுப்பதில்லை, பிரவுசிங் சென்டரில் பேசும்போது தப்பாகச் சொல்லிவிடக் கூடாது என்று எழுதி வைக்கிறேன் என்றாள். பேசுகிறவர்கள் யார் என்றார். பெயர் தெரியாது என்றாள். உண்மைதான், அங்கே எல்லோருக்கும் புனைபெயர்தான். அந்த அறையில் உண்மையைப் போல எங்களுக்குக் கெடுதல் செய்தது வேறெதுவும் இல்லை.

நான்கு மணி சுமாருக்குத் திருநெல்வேலி இளைஞர் கம்பெனி யூனிஃபார்மோடு வந்து வாசலில் நின்றார். போலீஸ் வருவதற்குள் தெருமுனை பூத்திலிருந்து மகள் அவர் கம்பெனிக்குப் போன் செய்து, எரித்தது உட்பட எல்லாம் சொல்லியிருக்கிறாள். போய்விடு என்று கண்ணைக் காட்டினேன். அவர் நேரே உள்ளே வந்தார்.

"சார், நானுந்தான் எழுதுதேன். என் நோட்டு ரூம்ல இருக்கு. எரிக்கல. கொண்டாரட்டுமா?"

கொண்டுவரச் சொன்னார் சப்-இன்ஸ்பெக்டர், கூடவே பெண் காவலரையும் அனுப்பினார். வந்த நோட்டில் கப்பலும் படகும் தவிர ஒன்றும் இல்லை. அதை எங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்வதா பாதகமாக எடுத்துக்கொள்வதா என்று சப்-இன்ஸ்பெக்டருக்குத் தெரியவில்லை. விமானப்படையிலிருந்து ஒருவர் வருகிறார், அவர் சொல்வதுதான் முடிவு என்றார். தேவைப்பட்டால் பெண்ணை ஸ்டேஷனுக்கு அழைத்துப்போக வேண்டியிருக்கும் என்றும் சொன்னார்.

பிறகு காத்திருந்தோம். காப்பி போட்டேன், ஒருவரும் குடிக்கவில்லை. மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தேன். மகளுக்கு ஒரு மாற்றுச் சேலையைப் பையில் எடுத்து வைத்தேன். அதைப் பார்த்து அவள் முகம் போன போக்கைக் கண்டு திரும்ப எடுத்துவிட்டேன். ஐந்து மணிக்கு மேல் ஒரு விமானம் போனது. பழகிப்போய் ஆறேழு வருடமாக என் காதில் விழாத அந்தச் சத்தம் அன்றுதான் முழுதாக விழுந்தது. அவளும் அந்த இளைஞரும் தலையைத் தூக்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஐந்தரைக்கு ஸ்கூட்டரில் ஒருவர் வந்தார். சாதாரணச் சட்டை, ஐம்பதைத் தாண்டியவர், காதோரம் நரை. விமானப்படைப் பாதுகாப்புப் பிரிவு என்று அட்டையைக் காட்டினார். தாளை வாங்கி வரிவரியாகப் படித்தார். எரித்ததைப் பற்றி சப்-இன்ஸ்பெக்டர் காதருகே சொன்னார். வந்தவர் என்னைப் பார்த்தார். என் விரல் நகங்களில் கரி இருந்தது.

"எரிச்சிருக்க வேணாம்மா. இருந்திருந்தா அரை மணியில முடிஞ்சிருக்கும்" என்றார். பிறகு மகளிடம், "உனக்கு ஞாபகம் இருக்கறத எழுதிக் குடு. எங்க நின்னு பார்த்த, எதை வச்சு என்ன விமானம்னு கண்டுபிடிச்ச, எல்லாம். நான் உட்கார்ந்திருக்கேன்."

வீட்டில் வேறு காகிதம் இல்லை. பழைய பரிசோதனைத் தாளையே எடுத்தாள். முதல் தாளில் அடித்து அடித்து எழுதினாள். இரண்டாவது தாளில் அடித்தல் இல்லை. எஞ்சின் சத்தம், வாலின் வடிவம், இறக்கை இருக்கும் இடம், மேகம் இருந்தால் உயரத்தை எப்படித் தவறாகக் கணிப்போம் என்பதுவரை எழுதினாள். அந்த இளைஞர் ஒரு தடவை எதையோ திருத்த வாயெடுத்தார். அவள் நிமிர்ந்து பார்த்த பார்வையில் அடங்கினார். ஐந்து தாள் ஆயிற்று.

வந்தவர் படித்தார். ஒரு இடத்தில் சிரித்தார், எதற்கென்று சொல்லவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, மொட்டைமாடியில் நின்றால் யாருக்கும் தெரிவதைத்தான் எழுதியிருக்கிறாள், கேஸ் எதுவும் வேண்டாம், இந்தத் தாள்களை வாக்குமூலமாக வாங்கிக்கொள்கிறேன் என்றார். விமானத்தின் எண்ணை மட்டும் பிரவுசிங் சென்டரில் போய் ஏற்றாதே என்று மகளை எச்சரித்தார். அவள் தலையசைத்தாள்.

அவர் தாள்களை அடுக்கி, அடியில் இருந்த கோட்டைப் பார்த்தார். பேனாவோடு என் பக்கம் நீட்டினார்.

"பெத்தவங்க கையெழுத்து வேணும். சரிபார்த்தவர்னு இடமும் இருக்கு, அங்கயே போடுங்க" என்றார். "இந்தத் தடவை படிச்சிட்டுப் போடுங்கம்மா."