ரியாலுக்கு ஒரு விரதம்

கத்தாரில் எங்கள் அறையில் எல்லோரும் இலங்கைக்காரர்கள். காலையில் பல் துலக்குவதற்கு முன்பே ரியாலுக்கு எத்தனை ரூபாய் என்று போனில் பார்ப்போம். நம் ரூபாய் தலைகுப்புற விழுந்த அந்த வருடம், நாடு நாசமாகப் போகிறதே என்று புலம்பிக்கொண்டே, ஒரு ரியாலுக்குக் கூடுதல் ரூபாய் கிடைக்கிற சந்தோஷத்தில் பிரியாணி வாங்கிச் சாப்பிட்டோம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

அக்கா ஊரில், நமுனுகுலப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். அவள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே, ரோட்டோரம் நான் கட்டும் வீட்டையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். வாரம் ஒருமுறை பேசுவேன். பேச்சு சிமெந்தில் தொடங்கி உலக அரசியலில் போய் நிற்கும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வெள்ளைக்காரன் நம் ஆட்களைக் கப்பலேற்றியதிலிருந்து அமெரிக்கா, ரஷ்யா வரை அளந்துவிடுவேன்.

"மாவு ஏன் வெல ஏறுது தெரியுமாக்கா? அங்க சண்ட. கோதும வரமாட்டேங்குது."

"நீ சொன்னா சரியாத்தாம்ப்பா இருக்கும்" என்பாள்.

நாட்டில் டொலர் இல்லை என்று ஆட்சியாளர்களைத் திட்டிய நான், பணத்தை வங்கியில் போடாமல், திருட்டுத்தனமாக ஊருக்குப் பணம் கைமாற்றிவிடும் உண்டியல்காரரிடம் கொடுத்தேன். ரியாலுக்கு அங்கே கூடுதல் விலை. அக்காவின் செலவுக்கு மாதாமாதம் அனுப்பியது ரூபாய்க் கணக்கு. ரியால் ஏறிய பிறகும் அதே ரூபாய்தான். அதில் மிச்சமானதை வைத்து வீட்டுக்கு மாடி போட ஆசைப்பட்டேன்.

லீவில் வந்தபோது அக்காவின் கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டுக் கொடுத்துவிட்டு, அவள் பாலில்லாத தேயிலைச் சாயத்தண்ணியைக் குடித்தாள். வெள்ளிக்கிழமை விரதமாம்.

"எதுக்குக்கா விரதம்?"

கூச்சத்தோடு சிரித்தாள். "ஒன் ரியால் ஏறணும்னு மாரியம்மாவுக்கு நேந்துக்கிட்டேன். பாத்தியா, எம்புட்டு ஏறிருச்சு."

ரியால் ஏறினால் மாவும் பருப்பும் மண்ணெண்ணெயும் கூடவே ஏறும் என்று அவளுக்குத் தெரியவில்லை. "கடைல சாமான் வெலயும் ஏறுச்சேக்கா" என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

"அது சண்டையாலப்பா. நீதானே சொன்ன."

அத்தனை பேசிய நான் இந்த ஒன்றை மட்டும் அவளுக்குச் சொன்னதே இல்லை. அன்றும் சொல்லவில்லை. சொன்னால் செலவுக்குக் கூட்டி அனுப்ப வேண்டிவரும்; மாடிக்கு இன்னும் கூரை போட வேண்டியிருந்தது. என்ன மனிதன் நான்!

கத்தாருக்குத் திரும்பிய பிறகு ரூபாய் கொஞ்சம் தேறியது. ரியால் இறங்கிவிட்டது, கூரை வேலையை நிறுத்திவை என்று போனில் சொன்னேன். குரலில் எரிச்சல் இருந்திருக்க வேண்டும்.

"நான் ஏதும் கொற வச்சுட்டேனோ தம்பி" என்றாள். "பரவால்ல, இனிமே செவ்வாக்கெழமையும் விரதம் இருக்கேன்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். ரியால் ஏறினால் யாருக்கு லாபம், யார் வயிற்றில் அடி, நான் அனுப்பிய அதே ரூபாய், எல்லாவற்றையும். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப நான் எம்புள்ளைங்க சாப்பாட்டுக்கு எதிராவா வேண்டிக்கிட்டு இருந்தேன்?" என்று கேட்டாள்.

"இல்லக்கா, தப்பு என்னோடது" என்றேன். அவள் அதற்குள் அழ ஆரம்பித்திருந்தாள்.