இரண்டில் நின்ற உருண்டை

காற்றுக் குறைகிற மாதிரி இருக்கிறது என்று அக்கா தொலைபேசியில் சொன்னபோது, உருண்டை எதில் நிற்கிறது என்றுதான் நான் முதலில் கேட்டேன். வீட்டில் வைத்துப் பாவிக்கிற ஒட்சிசன் மெஷினின் முகப்பில் நிமிர்ந்த ஒரு சின்னக் கண்ணாடிக் குழாய் இருக்கும். அதற்குள் மிளகளவில் ஓர் உருண்டை மிதக்கும். நிமிடத்துக்கு எத்தனை லீட்டர் போகிறது என்பதை அது காட்டும். அக்காவுக்கு டொக்டர் சொன்ன அளவு இரண்டு. உருண்டை இரண்டில்தான் நிற்கிறது என்றாள் அக்கா. அப்படியென்றால் காற்று வருகிறது, கண்டதையும் யோசிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு நான் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

அந்த உருண்டை மெஷினை விட்டுப் புறப்படும் காற்றைத்தான் காட்டும். மூக்குக்கு வந்து சேர்வதைக் காட்டாது. இடையில் முப்பதடி டியூப் கிடக்கிறது. அந்த டியூப்பும் மூக்கில் மாட்டுகிற டியூப்பும் சந்திக்கிற இடத்தில் ஓர் இணைப்பு இருக்கிறது. அதை வரைந்து வடிவமைத்தவள் நான். வேறு யாராவது வரைந்த இணைப்பாக இருந்திருந்தால் அதைத்தான் முதலில் சந்தேகித்திருப்பேன்.

நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. கதவைப் பூட்டிவிட்டு மூன்று தரம் இழுத்துப் பார்ப்பேன். காஸ் அடுப்பை அணைத்தேனா என்ற யோசனையில் பஸ் தரிப்பிடத்திலிருந்து எத்தனையோ தரம் திரும்பி வந்திருக்கிறேன். காற்று ஒழுகுகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிற வேலை எனக்கென்றே செய்து வைத்த வேலை என்று அக்கா கேலி செய்வாள். அவள் கேலி செய்தாலும் எனக்குள் ஒரு கர்வம் இருந்தது. இவ்வளவு பயப்படுகிற ஒருத்தியின் கையில் பிழை வராது என்று நினைத்திருந்தேன்.

நாங்கள் இருவரும் ஒரே இடத்தில் வேலை தொடங்கியவர்கள். எங்கள் ஊர்க் கடற்கரையில் இறால் குஞ்சு பொரிக்க வைக்கும் ஹெச்சரி ஒன்று இருந்தது. அங்கே ஒவ்வொரு தொட்டிக்கும் மெல்லிய டியூப்பில் காற்றுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும். காற்று நின்றால் குஞ்சுகள் தொட்டியின் அடியில் போய்ப் படுத்துவிடும், அதற்குப் பிறகு எழும்பாது. டியூப் மாட்டுவதும், கழன்றதைத் திரும்ப மாட்டுவதும், தண்ணீருக்குள் பிடித்துக் குமிழி வருகிறதா என்று பார்ப்பதும் எங்கள் இருவரின் வேலை. பிறகு நான் மாலை வகுப்பில் தொழில்நுட்பம் படித்து, மதுரங்குளிப் பக்கத்தில் பிளாஸ்டிக் வார்க்கும் ஒரு சிறிய தொழிலகத்துக்கு வந்துவிட்டேன். அக்காவுக்கு நுரையீரல் இறுகிப்போகிற வியாதி வந்து, வீட்டோடு இருந்துவிட்டாள்.

தொழிலகத்தின் முதலாளி பக்கத்திலுள்ள கனமூலை ஊர்க்காரர். எல்லோருக்கும் அவர் நானா, அண்ணன் மாதிரி. முதலில் இறால் பண்ணைகளுக்குத்தான் ஜொயின்ட் செய்துகொண்டிருந்தோம். வீடுகளுக்கு ஒட்சிசன் மெஷின் கொடுக்கிற கொழும்பு நிறுவனமொன்று, டியூப் கழலாமல், காற்று ஒழுகாமல் ஓர் இணைப்புச் செய்து தர முடியுமா என்று கேட்டது. நானா என்னைப் பார்த்தார். இறாலுக்கு ஒழுகினால் நட்டம். மனிதருக்கு ஒழுகினால் அதற்குப் பெயர் வேறு.

ஏழெட்டு மாதம் வரைந்தேன். டியூப்புக்குள் நுழைகிற முனையில் மூன்று வரம்புகள் வைத்தேன். அதன் மேல் திருகி இறுக்க ஒரு வளையம். கண்ணாடி போலத் தெளிந்த, கடினமான பிளாஸ்டிக். டியூப்பை இழுத்தாலும் கழலாது, காலில் சிக்கினாலும் கழலாது. மாட்டும் முறையையும் நானே எழுதி மேசைக்கு மேலே ஒட்டினேன். டியூப் இறுக்கமாக இருந்தால் ஸ்பிரிட் மட்டும் தடவவும், எண்ணெய் கிறீஸ் எதுவும் படக்கூடாது என்று சிவப்பில் எழுதியிருந்தேன். ஒட்சிசன் போகிற பாதையில் எண்ணெய் இருந்தால் ஒரு பொறி போதும், பற்றிக்கொள்ளும். அது எனக்கு மனப்பாடம்.

மாட்டிப் பொதி செய்ய மூன்று பெண்களைப் பழக்கினேன். நீண்டநாள் பரிசோதனைக்கான இணைப்புகளை நானா தன் கையாலேயே மாட்டி, தன் மேசையில் காற்றழுத்தத்தோடு ஒரு மாதம் வைத்திருந்தார். ஒன்றும் ஆகவில்லை. முதல் தொகுதியில் ஒன்றை அக்காவுக்குக் கொண்டுபோனேன். அவளுடைய பழைய டியூப் எழும்பி நடந்தாலே கழன்றுவிடும். மாட்டிவிட்டு, இனிப் பயப்படாமல் குசினி வரை போகலாம் என்றேன். அவளும் போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தாள்.

அதற்குப் பிறகு மூன்றாம் கிழமையில்தான் அந்த முதல் அழைப்பு. இரண்டு நாள் கழித்து இன்னொன்று. குசினிக்குப் போனால் நெஞ்சு அடைக்கிறது என்றாள். விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கிற கருவி எத்தனை காட்டுகிறது என்று கேட்டேன். அதன் பற்றரி உப்புப் பிடித்துப் போய்விட்டதென்று போன மாதமே சொன்னேனே என்றாள். சொல்லியிருந்தாள். வாங்கித் தருகிறேன் என்று நானும் சொல்லியிருந்தேன். உருண்டை எதில் என்று மறுபடி கேட்டேன். இரண்டு. அக்கா, இது பயம், பயத்தில் எல்லாருக்கும் மூச்சு முட்டும், எனக்கும் முட்டும் என்று விளக்கம் வேறு கொடுத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த கிழமை கொழும்பிலிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே எங்கள் இணைப்புகள், ஒரு கடிதத்தோடு. வீடுகளில் மூன்றாம் நான்காம் கிழமைகளில் வெடிப்பு விடுகிறது, காரணம் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்கள். ஒன்றை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்தேன். வளையத்தில், திருகு தொடங்குகிற இடத்தில், மயிர்க்கோடு போல ஒரு வெடிப்பு. இரண்டாவதை எடுத்தேன். அதே இடம்.

உப்புக்காற்று, இரும்பே கரைகிறது, பிளாஸ்டிக் எம்மாத்திரம் என்றார் நானா. இங்கே எது பழுதானாலும் உப்புக்காற்றைச் சொல்வது வழக்கம். ஆனால் வந்த பெட்டியில் கண்டிக்குப் போன இணைப்பும் இருந்தது. கண்டியில் எங்கே உப்புக்காற்று? அக்காவின் இணைப்பும் இதே தொகுதி. புதிய இணைப்புகளில் இரண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, நானாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, நடு வேலையில், அக்கா வீட்டுக்குப் போக, சிலாபம் பஸ்ஸில் ஏறினேன்.

பஸ் முந்தல் தரிப்பிடத்தில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தபோது நான் அக்காவுக்கு மூன்று தரம் அழைத்தேன். எடுக்கவில்லை. நடத்துநர் மிச்சக் காசை நீட்டியதும் தெரியாமல் இருந்தேன். பிரதான வீதியில் இறங்கி ஓட்டோ பிடித்தேன். மெதுவாகப் போங்கள், வேகமாகப் போங்கள் என்று அந்த மனிதரிடம் மாற்றி மாற்றிச் சொன்னேனாம். அன்று வேலைக்குப் போயிருந்த அத்தானிடம், அக்காவின் கணவரிடம், அவர் பிறகு சொல்லிச் சிரித்திருக்கிறார்.

அக்கா கதிரையில் இருந்தாள். இருந்தாள் என்பதைக் கண்டதும் பையைக் கீழே போட்டுவிட்டு அவள் பக்கத்தில் போனேன். போன் சார்ஜில் கிடந்தது, அதை எடுக்க எழும்ப முடியவில்லை என்றாள். உதடு நிறம் மாறியிருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு எடுத்தாள். உருண்டை இரண்டில் நின்றது, ஆடாமல் அசையாமல்.

பேசின் பாத்திரத்தில் தண்ணீர் எடுத்து வந்து இணைப்பை அதற்குள் அமிழ்த்தினேன். வளையத்தின் ஓரத்திலிருந்து குமிழிகள் சரம் சரமாக வந்தன. அக்காவும் எட்டிப் பார்த்தாள். இருவரும் எத்தனை ஆயிரம் தரம் அப்படிப் பார்த்திருப்போம்.

அவசரமாகப் பழையதைக் கழற்றிப் புதியதை எடுத்தேன். டியூப் இறுக்கமாக இருந்தது, ஏறவில்லை. அழுத்தினேன், ஏறவில்லை. பிறகு ஏறியது. வளையத்தைத் திருகினேன். அப்போது அக்கா சிரித்தாள். சிரிக்க அவளிடம் மூச்சு இல்லை, ஆனாலும் சிரித்தாள்.

"இன்னும்... அந்த ஹெச்சரிப் பழக்கம்... போகல்ல உனக்கு."

என்ன பழக்கம் என்று கேட்டேன். அவள் கையைத் தூக்கித் தன் வகிட்டில் விரலை ஒருமுறை தேய்த்து, காற்றில் எதையோ தடவிக் காட்டினாள்.

ஹெச்சரியில் எல்லோரும் அப்படித்தான். டியூப் ஏறாவிட்டால் தலையில் விரலைத் தேய்த்து, அந்தத் தேங்காயெண்ணெய்ப் பசையை முனையில் தடவினால் வழுக்கிக்கொண்டு ஏறும். அங்கே யாரும் அதை ஒரு வேலையாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. கை தானாகப் பழகிவிடும். என் கை பத்து வருடமாக அதைச் செய்துகொண்டிருந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. என் சுட்டுவிரலைப் பார்த்தேன். மினுங்கியது.

எண்ணெய் என்றால் தீ என்ற ஒன்றைத்தான் நான் பயந்துகொண்டிருந்தேன். அந்தப் பிளாஸ்டிக்கோடு வந்த தாளில் இன்னொன்றும் இருந்தது. இறுக்கித் திருகிய நிலையில் எண்ணெய் பட்டால், பட்ட இடத்திலிருந்து அது வெடிப்பு விடும். அன்றைக்கே அல்ல, நாட்கணக்கில். அதையும் நான் வாசித்திருந்தேன். வாசித்ததெல்லாம் தலைக்குள் போனது, தலைக்கு மேலே இருந்ததை நான் நினைக்கவில்லை.

மாட்டியதை உடனே கழற்றி எறிந்தேன். சவர்க்காரம் போட்டு முழங்கை வரை கழுவினேன். டியூப்பின் எண்ணெய் பட்ட நுனியை வெட்டிவிட்டு, மிச்சத்தைச் சுடுதண்ணீரில் பிடித்து இளக வைத்து, இரண்டாவது இணைப்பை மாட்டினேன். தண்ணீருக்குள் அமிழ்த்தினேன். குமிழி இல்லை. கால் மணித்தியாலத்துக்குள் அக்காவின் உதட்டில் நிறம் வரத் தொடங்கியது. எனக்கு அழுகை வந்தது, அவள் முன்னால் அழுதேன்.

இது என் பிழை என்று சொன்னேன். எப்படி என்றும் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள்.

"அப்ப நான் பயந்து கதைக்கல்ல, என்ன?" என்றாள்.

"இல்ல அக்கா."

"காத்துத்தான் குறைஞ்சது."

"ஓம்."

"ராவும் பகலும் என்னையே ஏசிக்கொண்டு கிடந்தன். சும்மா பயந்து சாகிறாய் எண்டு."

அவள் கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் காலை நானாவின் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டார். அவர் தலையில் மருந்துக்கும் ஒரு முடி கிடையாது. அவர் மாட்டிய இணைப்புகள் ஏன் ஒரு மாதம் நின்றன என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. வேறொரு நாளாக இருந்தால் இருவரும் சிரித்திருப்போம்.

பெண்கள் மூவரையும் கூப்பிட்டேன். ஒருத்தி என்னைப் போலத் தலையில் தேய்க்கிறவள். மற்ற இருவரும் முக்காடு போட்டவர்கள், தலையைத் தொட வழியில்லை. அவர்கள் ஒரு போத்தல் மூடியில் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து மேசைக்குக் கீழே வைத்திருந்தார்கள். அந்த மூடியை நான் பலமுறை கண்டிருக்கிறேன். கைக்குப் பூசுகிறார்கள் என்று நினைத்தேன். சிவப்பு எழுத்தைக் காட்டி, இதை வாசிக்கவில்லையா என்று கேட்டேன்.

"வாசிச்சோம் மிஸ். ஆனா நீங்க காட்டித் தந்தது இதுதானே" என்றாள் அவர்களில் ஒருத்தி, பயந்துகொண்டே.

வாயால் ஸ்பிரிட் என்றேன், கையால் எண்ணெய் என்றேன். அவர்கள் கையை நம்பினார்கள். வேலை பழகுகிற யாரும் அதைத்தான் செய்வார்கள்.

கடிதத்துக்கு என்ன பதில் எழுதுவது என்று நானாவிடம் கேட்டேன். உப்புக்காற்று என்று எழுத ஒரு கணம் எனக்கும் ஆசை வந்ததை மறைக்கவில்லை. கண்டி இணைப்பை ஒளித்துவிட்டால் போதும்.

"உள்ளத உள்ளபடி எழுதுங்க தங்கச்சி. இது மூச்சு விசயம். மறைச்சா அல்லாஹ் உங்களயும் கேப்பான், என்னயும் கேப்பான்" என்றார்.

எழுதினேன். அன்றிலிருந்து நிறுவனம் கொடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு வீடு வீடாக அழைத்தோம். ஒரு வீட்டில் இரண்டு நாள் யாரும் எடுக்கவில்லை. அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் ஒரு பெண் எடுத்தார். முன்னேஸ்வரம் கோயிலுக்கு நேர்த்தி வைக்கப் போயிருந்தார்களாம், அப்பாவையும் ஒரு சின்ன ஒட்சிசன் சிலிண்டரோடு கூட்டிக்கொண்டு. அப்பா நன்றாக இருக்கிறார், ஆனால் மெஷினில் இருக்கும்போது கொஞ்ச நாளாகக் காற்றுப் போதவில்லை என்கிறார், நாங்கள்தான் வயதாகிவிட்டது என்று பேசாமல் இருக்கிறோம் என்றார். என்னைப் போலவே அவர்களும் உருண்டையைப் பார்த்திருக்கிறார்கள்.

இப்போது எண்ணெய் தாங்குகிற வேறு பிளாஸ்டிக்குக்கு மாற்றிவிட்டோம். எல்லோரும் தொப்பி போடுகிறோம், கையுறை போடுகிறோம். வேலை நாளில் நான் தலைக்கு எண்ணெய் வைப்பதில்லை. ஆனாலும் டியூப் ஏறாவிட்டால் என் கை தலைக்குப் போகிறது. பாதி வழியில் பிடித்து நிறுத்துகிறேன். நிறுத்தாத நாட்களும் இருந்திருக்குமோ என்று பஸ்ஸில் போகும்போது யோசனை வரும்.

அக்காவுக்கு விரல் கருவி வாங்கிக் கொடுத்தேன். அத்தான் தினமும் மாலையில் பேசினில் இணைப்பை அமிழ்த்திக் காட்ட வேண்டும், அவள் கண்ணால் பார்க்க வேண்டும். அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் அழைத்தாள். காற்றுக் கொஞ்சம் குறைகிற மாதிரி இருக்கிறது என்றாள். பிறகு அவளாகவே, உருண்டை இரண்டில்தான் நிற்கிறது, விரல் கருவியும் சரியாகத்தான் காட்டுகிறது, இது சும்மா பயமாக இருக்கும், நீ வேலையைப் பார் என்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்துக்கு ஓடினேன்.